‘மில்லியன் டாலர் மணி டிராப்’: இன்னும் உறுத்துகிற காட்சி எது?

கேள்விக்காரன்

ஆட்டம் இதுதான்: ஒரு ஜோடியிடம் 10 லட்சம் டாலர் ரொக்கத்தைக் கொடுப்பார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் அதை விடைக் கதவுகளின் மேல் அடுக்க வேண்டும். தவறான விடையின் கதவு திறந்து அதன் மேலிருக்கும் பணம் விழுந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது அவர்களுக்கு. இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2010 டிசம்பர் 20, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முதல் நாள் ஒளிபரப்பு. ‘கடைகளில் முதலில் விற்பனைக்கு வந்தது எது?’ மூன்று கதவுகள்: மெக்கின்டோஷ் கணினி, சோனி வாக்மேன், போஸ்ட்-இட் ஒட்டுத்தாள். அந்த ஜோடி போஸ்ட்-இட் மேல் 8 லட்சம் டாலரை அடுக்கியது.

ஒரு கட்டு 20,000 டாலர், எல்லாம் 20 டாலர் நோட்டு. கட்டுக்கு ஆயிரம் நோட்டு, நோட்டு ஒன்று 1 கிராம். அப்படியானால் அந்தக் கதவின் மேல் 40 கட்டு, 40 கிலோ. கதவு திறந்ததும் அவ்வளவும் மொத்தமாக உள்ளே இறங்கியது. ‘வாக்மேன், 1979’ என்றார்கள். ஆனால் 3எம் நிறுவனம் 1977-லேயே அந்த ஒட்டுத்தாளை நான்கு நகரங்களில் கடையில் வைத்து விற்றிருக்கிறது. தயாரிப்புத் தரப்பு முதலில் தன் விடைதான் சரி என்றது. பிறகு தங்களுக்குக் கிடைத்த தகவல் முழுமையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு ஜோடியைத் திரும்ப அழைத்தது. அவர்கள் வருவதற்குள் நிகழ்ச்சியே நின்றுவிட்டது. 2011 பிப்ரவரி 1 கடைசி. ஆறு வாரம்.

அந்த 40 கட்டு சரிந்ததுதான் நிகழ்ச்சியைக் கொன்றது என்பது என் எண்ணம். நீங்கள் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவருவதென்றால் எதை மாற்ற வேண்டும்?

தாள்திருத்தி

1977-ல் விற்றது சோதனை விற்பனை. பெயர்கூட போஸ்ட்-இட் இல்லை, ‘பிரஸ் அண்ட் பீல்’. நாடு முழுக்கப் போஸ்ட்-இட் என்ற பெயரில் வந்தது 1980 ஏப்ரலில். வாக்மேன் 1979 ஜூலை 1. அந்தக் கணக்கில் நிகழ்ச்சியின் விடை சரிதான். கேள்வியை எழுதிய விதத்தில்தான் பிழை.

பலவுள் தெரிக கேள்வி எழுதுகிறவர்கள் பொதுவாக ஒன்றில் சறுக்குவார்கள்: சரியான விடை சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தவறான விடை ஒவ்வொன்றும் தவறுதானா என்று தனியாகப் பார்க்க மாட்டார்கள். நான்கு விடை உள்ள கேள்விக்கு நான்கு சோதனை வேண்டும். ‘வாக்மேன் 1979’ என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ‘1979 ஜூலைக்கு முன் எந்தக் கடையிலும் போஸ்ட்-இட் இல்லை’ என்று நிறுவ ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாள்தான் செலவிடப்படவில்லை.

‘முதல்’, ‘பெரிய’, ‘நீண்ட’, ‘அதிக’ என்ற சொல் கேள்வியில் வந்தாலே அதோடு மூன்று சேர வேண்டும்: எந்த நாட்டில், எந்தப் பெயரில், எந்தத் தேதி நிலவரப்படி. தேதி ஒப்பிடும் கேள்வியில் விடைகளுக்கு நடுவே குறைந்தது ஐந்தாண்டு இடைவெளி வையுங்கள். 1979-ம் 1980-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சோதனை விற்பனை, முன்னோட்டம், வெளிநாட்டு வெளியீடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தே தீரும். பொருளைச் செய்த நிறுவனத்தின் பதிலை ஒரு சான்றாக மட்டும் எடுக்க வேண்டும். அவர்களுடைய விளம்பரப் பிரிவு பெரிய வெளியீட்டு நாளைத்தான் சொல்லும். இரண்டாவது சான்று அந்தக் காலச் செய்தித்தாளாகவோ வணிக இதழாகவோ இருக்கட்டும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதாக இருக்கக் கூடாது. கடைசியாக, கேள்வி எழுதாத ஒருவரிடம் கொடுத்து, ‘இந்தத் தவறான விடையைச் சரி என்று வாதாடிக் காட்டு’ என்று சொல்லுங்கள். அவர் பத்து நிமிடம் வாதாட முடிந்தால் கேள்வியைத் தூக்கிவிட வேண்டும்.

இதே ஆட்டத்தின் பிரிட்டன் வடிவத்திலும், ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகர்களில் யார் நீண்டகாலம் அந்த வேடத்தில் இருந்தார் என்ற கேள்வியில் இதே தகராறு வந்தது. ‘நீண்ட’ என்பதை எப்படி அளப்பது என்று கேள்வியில் இல்லை.

ரிமோட்ராணி

கேள்விப் பிழையால நின்னுச்சுங்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். தாள்திருத்தி சொன்ன மாதிரி பிரிட்டன்லயும் அதே பிழை வந்துச்சு, அங்க சேனல் 4-ல வந்த அந்த நிகழ்ச்சி 2010 மே மாசத்துலேர்ந்து 2015 வரைக்கும் ஓடுச்சே.

எனக்கு மறக்காதது கதவு திறக்குற காட்சி இல்ல, திறக்காம நிக்கிற காட்சி. தவறான கதவு ஒன்னு திறக்கும், கேமரா முகத்துக்குப் போகும், தொகுப்பாளர் கெவின் பொல்லாக் ஒன்னு சொல்வார், விளம்பரம். திரும்பி வந்தா மறுபடி அதே முகம்.

கணக்குப் பாருங்க. ஒரு ஜோடிக்கு 7 கேள்வி, கேள்விக்கு 60 வினாடி. மொத்த ஆட்டமே 7 நிமிஷம். அமெரிக்காவுல ஒரு மணி நேர நிகழ்ச்சின்னா விளம்பரம் போக 42, 43 நிமிஷம் இருக்கும். மிச்சம் 35 நிமிஷத்தைப் பேச்சாலயும் காத்திருப்பாலயும் ரொப்புனாங்க. பிரிட்டன்ல டேவினா மெக்கால் நடத்துனது ஆரம்பத்துல நேரலை. வீட்டுல இருக்கிறவங்க அதே நேரத்துல இணையத்துல விளையாடுனாங்க. நேரலையில இழுக்க முடியாது, இழுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ஃபாக்ஸ் பதிவு பண்ணி வெட்டி ஒட்டுனாங்க, வெட்டுற மேசையில வேகம் போயிடுச்சு.

மீட்கணும்னா ஒரே விதி: பணத்தை வெச்சு முடிச்சதுலேர்ந்து விடை தெரியுற வரைக்கும் 40 வினாடிக்கு மேல போகக் கூடாது, அந்த இடத்துல விளம்பரமும் கூடாது. விளம்பரத்தைக் கேள்வி வர்றதுக்கு முன்னாடி வையுங்க. அப்போ ஒரு மணி நேரத்துல ரெண்டு ஜோடி முழுசா ஆடி முடிப்பாங்க.

கணக்குப்பிள்ளை

வேகம், பிழை இரண்டுக்கும் அடியில் விதியிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது.

முதல் மூன்று கேள்விக்கு நான்கு கதவு, அடுத்த மூன்றுக்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு கதவாவது காலியாக இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியில் இரண்டு கதவில் ஒன்று காலி என்றால் மிச்சப் பணம் முழுதும் ஒரே கதவில். பிரித்து வைக்க வழியே இல்லை. நடுவில் ‘போதும், எடுத்துக்கொண்டு போகிறோம்’ என்றும் சொல்ல முடியாது. ஆறு கேள்வியைக் கடந்து வந்த ஜோடிக்கும் கையில் ஒரு டாலர்கூடச் சொந்தமில்லை.

ஒன்றுமே தெரியாத ஜோடி எப்படிப் பிரித்து வைத்தாலும் நான்கு கதவில் சராசரி கால் பங்குதான் தங்கும், மூன்று கதவில் மூன்றில் ஒன்று, இரண்டில் பாதி. பெருக்கினால் 3,456-இல் ஒரு பங்கு. 10 லட்சத்துக்கு 289 டாலர், ஒரு கட்டுக்குக்கூடக் காணாது. சரி, நன்றாகத் தெரிந்த ஜோடியை எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 90 விழுக்காடு உறுதியோடு முழுப் பணத்தையும் ஒரே கதவில் வைக்கிறார்கள். ஏழு கேள்வியும் தாண்டும் வாய்ப்பு 48 விழுக்காடு. அவ்வளவு தெரிந்தவர்களே பாதிக்கு மேல் வெறுங்கையோடுதான் போவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது எப்படிப் பிடிக்கும்?

என் திருத்தம் ஒரு உண்டியல். நான்காவது கேள்வியிலிருந்து, கேள்வியைப் பார்க்கும் முன், ஜோடி விரும்பினால் இரண்டு கட்டு வரை உண்டியலில் போடலாம். அதன்பின் அது அவர்களுடையது. நான்கு வாய்ப்பு, அதிகபட்சம் 8 கட்டு, 1,60,000 டாலர். போடுகிற ஒவ்வொரு கட்டும் பெரிய தொகையைக் குறைக்கும் என்பதால் அதிலும் கணவன் மனைவி வாக்குவாதம் கிளம்பும். அது பார்க்க நன்றாக இருக்கும்.

ரிமோட்ராணி

உண்டியல் வந்தா ஆட்டமே போச்சு. எல்லாப் பணமும் மேசை மேல கிடக்குதுங்கிறதுதான் இதுல பார்க்குற சங்கதி. தொகையைக் குறைங்க, விதியைத் தொடாதீங்க. பிரான்ஸ்ல டிஎஃப்1 சேனல்ல லாரன்ஸ் பொக்கோலினி நடத்துன இதே ஆட்டத்துல மொத்தமே 2,50,000 யூரோ. 2011-ல ஆரம்பிச்சு 2017 வரைக்கும் ஓடுச்சு. பெரிய தொகை வெச்சா அது வருஷத்துக்கு ஒரு திருவிழா, சின்னத் தொகைன்னா வாராவாரம் போடலாம்.

மேடைக்கொல்லன்

நம் சன் டிவியில் 2012-இல் ரிஷி நடத்திய, இதே ஆட்டத்தின் தமிழ் வடிவமான ‘கையில் ஒரு கோடி’ பார்த்தவர்களுக்கு இந்த மேசை நன்றாகத் தெரியும். அந்தச் சத்தம்தான் என் மனதில் நிற்கிறது. கதவு விழுகிற ‘தடால்’, அதன் பிறகு ஒரு நொடி அமைதி.

கல்லூரி விழாவில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு ஒரு அடி, 12 மி.மீ. பிளைவுட். கதவைக் கீழ்ப்பக்கம் இரண்டு கீலில் தொங்கவிடுங்கள். பணத்துக்கு ஏ4 தாள், 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்). 100 ரூபாய் நோட்டு அளவில் (142 x 66 மி.மீ.) ஒரு தாளில் ஆறு துண்டு வரும். 50 கட்டு, கட்டுக்கு 100 துண்டு, ஆக 834 தாள். இரண்டு ரீம் (ரீமுக்கு 500 தாள்) வாங்கினால் வெட்டும்போது வீணாவதற்கும் சேர்த்துப் போதும். ஒரு கட்டு சுமார் 65 கிராம். 40 கட்டை ஒரே கதவில் வைத்தால் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

இங்கேதான் கெடும். அலமாரிக் கதவுக்குப் போடுகிற சின்னக் காந்தம் அந்தக் கனத்தைத் தாங்காது, கட்டு வைக்கும்போதே திறந்துகொள்ளும். தாழ்ப்பாளில் கயிறு கட்டி இழுத்தாலோ சொலினாய்டு (மின்சாரத்தில் தாழ்ப்பாளை இழுக்கும் சுருள்) வைத்தாலோ, பாரம் தாழ்ப்பாள் மேல் அழுத்துவதால் உராய்ந்து சிக்கும். காலிப் பெட்டியில் ஒத்திகை பார்த்தால் அழகாக வேலை செய்யும், மேடையில் பணத்தோடு நிற்கும். வாசல் கதவுக்கு விற்கிற, 60 கிலோ இழுவிசை தாங்கும் மின்காந்தப் பூட்டைப் போடுங்கள், 12 வோல்ட். மின்சாரத்தை வெட்டினால் உராய்வே இல்லாமல் விடும். அதன் இரும்புத் தகட்டை இறுக்கி முடுக்கக் கூடாது, நடுவில் ரப்பர் வாஷர் வைத்துக் கொஞ்சம் ஆடும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் முகம் சரியாக ஒட்டாமல் பிடிப்புக் குறையும். அரங்கில் மின்சாரம் போனால் நான்கு கதவும் சேர்ந்து விழும், ஆட்டம் அதோடு முடிந்தது. ஆகவே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டுங்கள், நான்கு பூட்டுக்கும் சில மணி நேரம் வரும். கதவுக்கு ஒரு சுவிட்ச், அதன் மேல் மூடி. கை தவறி அழுத்தினால் சரியான விடையின் பணம்தான் போகும்.

கேள்விக்காரன்

மேடைக்கொல்லன், பூட்டு விவரம் அருமை. ஆனால் நான் கேட்டது தொலைக்காட்சிக்கு.

தாள்திருத்தி, உங்கள் வாதத்தில் ஒன்று இடிக்கிறது. போஸ்ட்-இட்டுக்கு ‘நாடு முழுக்க’ என்ற அளவுகோலை வைக்கிறீர்கள். வாக்மேனுக்கு வைத்த 1979 ஜூலை 1 ஜப்பான் வெளியீடு. அமெரிக்கக் கடைக்கு அது வந்தது 1980 ஜூனில், அதுவும் ‘சவுண்டபவுட்’ என்ற பெயரில். அமெரிக்கா முழுக்க என்று வைத்தால் ஏப்ரலுக்குப் பின்தான் ஜூன். சோதனை விற்பனையைச் சேர்த்தாலும் போஸ்ட்-இட், சேர்க்காவிட்டாலும் போஸ்ட்-இட். ஒன்றுக்கு ஜப்பான் தேதியும் மற்றதற்கு அமெரிக்கத் தேதியும் வைத்தால் மட்டுமே வாக்மேன் முந்தும். உங்கள் பட்டியலில் ‘எந்த நாட்டில்’ என்று முதலில் எழுதியதும் நீங்கள்தான்.

தாள்திருத்தி

சரிதான், அந்த ஜூன் தேதியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கேள்வி செல்லாது என்பதோடு நிற்காது, விடையே மாறுகிறது.

நிகழ்ச்சி திரும்ப வந்தால் விதித்தாளில் இதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: ஒளிபரப்புக்குப் பின் பிழை நிரூபணமானால், அந்தக் கேள்விக்கு முன் கையில் இருந்த தொகையோடு, அதே வரிசை எண்ணில், புதுக் கேள்வியிலிருந்து ஆட்டம் தொடரும். நிகழ்ச்சி நின்றுபோனாலும் ஒளிபரப்பு இல்லாமலாவது அதை ஆடி முடிக்க வேண்டும். அந்தத் தொகையை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.