வட்டத்துக்குள் ஒரு புள்ளி

(மரபணுச் சோதனை பற்றி மூன்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டது)

குடியாத்தம்:
அக்கா மகனுக்குத் தவழும் வயதிலேயே முட்டி வீங்கும். வேலூரில் காட்டியதில் ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய் என்றார்கள். மரபணு ஆலோசகர் ஒரு தாளை எடுத்து, மூன்று தலைமுறையையும் கேட்டுக் கேட்டு வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் பத்து வயதில் போய்விட்ட மாமாவின் சதுரத்தைக் கருப்பாக அடைத்தார். முனி அடித்துச் செத்தான் என்றுதான் வீட்டில் இத்தனை வருஷப் பேச்சு. அம்மா, அக்கா வட்டங்களில் ஒவ்வொரு புள்ளி. பிள்ளைக்குக் கடத்துகிறவர்களாம். வரன் பார்த்துக்கொண்டிருந்த தங்கையின் வட்டத்தில் கேள்விக்குறி, பாதிக்குப் பாதி.

கூடவே ஓர் ஒப்புதல் படிவம். மிஞ்சுகிற ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, பெயர் இருக்காது, எண் மட்டும், பிறகு வேண்டாமென்றும் சொல்லலாம். நான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ, "ரத்தத்த என்னன்னா பண்ணிக்கட்டும். இந்தப் படத்த மட்டும் உங்க சித்திகிட்ட காட்டிடாத" என்றார்.

ஒரு வாரம்தான். மாத்திரைச் சீட்டைத் தேடுகிற சாக்கில் சித்தி ஃபைலைப் புரட்டிவிட்டார். "என்னடா இது, கோலம் மாதிரி புள்ளி?" சேதி பள்ளிகொண்டா வரை போனது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஜாதகம் சரியில்லை என்றார்கள்.

ஆம்பூர்:
சித்தி இல்லாத வீடு ஏது! அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் பூர்வீகம் பார்க்கிறேன் என்று, மரபணுவைச் சோதித்துச் சொல்லும் ஒரு கம்பெனிக்கு எச்சில் அனுப்பினான். வேறொரு கம்பெனியான 23அண்ட்மீயில் 2023இல் நடந்த தகவல் திருட்டைப் படித்த பிறகுதான் அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. நேரடியாக உடைத்தது சுமார் 14,000 கணக்குகள். வெளியே போனதோ 69 லட்சம் பேரின் விவரம், எல்லாம் சொந்தக்காரர்களைத் தேடித் தரும் வசதி வழியாக. அந்தக் கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனுவும் போட்டது. 'நான் துப்பியதில் நீயும் கொஞ்சம் இருக்கிறாய், மன்னித்துக்கொள்' என்று மச்சான் என் மனைவிக்கு மெசேஜ் போட்டான். அவன் தங்கைதானே.

ஆற்காடு:
எங்கள் ஊருக்கு ஆய்வு என்று ரத்தம் எடுக்க வந்தார்கள். பெயர் எழுத மாட்டோம் என்றார்கள், நல்லது. ஆனால் படிவத்தில் ஊர், சாதி, வயது, பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்று வரிசையாகக் கட்டம். எதிர்வீட்டுத் தாத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எங்காளுங்க இந்த ஊர்ல அஞ்சே வூடு. அப்புறம் பேரு எதுக்குப்பா?" வந்த பையனிடம் பதில் இல்லை. நான் கொடுத்தேன், எங்கள் ஆட்கள் இரண்டு தெரு நிறைய இருக்கிறோம்.

குடியாத்தம்:
தாத்தாவுக்கு என் வணக்கம். தங்கை கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் தனியாகப் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டை எனக்கும் காட்டவில்லை, அம்மாவுக்கும் காட்டவில்லை. இப்போது பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தை மாதம் கல்யாணம். சித்திதான் தினமும் போன் போட்டு, "என்னவாம்டா, புள்ளி இருக்கா இல்லியா?" என்கிறார்.