ஆச்சி வீட்டு குரூப்

3 அக்டோபர் 2024, வியாழன்

செல்வி அத்தை: (நவராத்திரி வாழ்த்துப் படம்)

தீபா: பெரியப்பா இருக்கீங்களா? ஈபி பில் 4,100 வந்திருக்கு. 720 யூனிட்டாம். நாங்க குடிவந்தே ரெண்டு மாசம்தான். ஏசி கூட இல்ல

அருண்: ரெண்டு பேருக்கு 720ஆ. வீட்டுல வெல்டிங் பட்டறை எதுவும் வச்சிருக்கியா

அம்மா: ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடும். மடிப்பாக்கம் வந்தப்பவே பாத்தேன்

தீபா: அம்மா!!

தீபா: பக்கத்து எஃப் 3-ல ரெண்டு ஏசி. அவங்களுக்கு 190 யூனிட்தான். "நாங்க சிக்கனம்மா"ன்றாங்க

செல்வி அத்தை: மாப்பிள்ளை மோதிர அளவு இன்னும் வரலையே. தலைதீபாவளிக்கு நாள் இருக்கா

மீனா அக்கா: ஓனர் என்ன சொல்றார்?

தீபா: மீட்டர் பொய் சொல்லாது, கட்டிடுங்கன்றார்

மீனா அக்கா: ஈபி புகார் நம்பர் மின்னகத்துக்குப் போன் போடு. 94987 94987. ராத்திரியும் எடுப்பாங்க

பெரியப்பா: தீபா பதறாதே. போன் எல்லாம் பெறவு. முதல்ல கார்டுல உள்ள சர்வீஸ் நம்பரும் மீட்டர் பக்கத்துல பெயிண்ட்ல எழுதியிருக்க நம்பரும் ஒண்ணான்னு பாரு. அப்புறம் உங்க வீட்டு மெயினை இறக்கிட்டு கீழ போ. இன்வெர்ட்டர் இருந்தா உள்ள ஃபேன் சுத்தத்தான் செய்யும், அதப் பாத்துக் குழம்பாதே. மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட் விட்டுவிட்டு மினுக்கும். கரண்டு ஓடுனாத்தான் மினுக்கும். உன் மெயின் இறங்கி இருக்கையில உங்க எஃப் 2 மீட்டர் மினுக்குதுன்னா, உன் வீட்டுக் கரண்டு அதுல ஓடல. எது நின்னுபோச்சோ அதுலதான் ஓடுது. மீட்டர்ல உள்ள ஈபி சீலை மட்டும் தொட்டுராதே. இன்னொண்ணு, 500 யூனிட்டைத் தாண்டிட்டா 101லேருந்து 200 வரைக்கும் உள்ள குறைஞ்ச ரேட்டும் போயிரும். அதான் பில் இப்படி எகிறியிருக்கு. நான் ஈபி சர்வீஸ்ல இருக்கையில வீரவநல்லூர்ல ஒருத்தர்

அருண்: வீரவநல்லூர்க்காரர் என்ன ஆனார் பெரியப்பா

பெரியப்பா: கை பட்டு அனுப்பிட்டேன்

அப்பா: 👍

தீபா: (வீடியோ)

தீபா: எஃப் 2 மினுக்கிட்டே இருக்கு. எஃப் 3 நின்னுடுச்சு!!!

மீனா அக்கா: அடப்பாவமே. அவங்க ஏசிக்கு உனக்குப் பில்லா

முருகன் சித்தப்பா: நம்ம வீட்டுக்கு இது புதுசா? கிணத்து மோட்டார் 20 வருசமா எங்க மீட்டர்ல ஓடுது. தண்ணி மூணு வீட்டுக்கும்

அருண்: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: முருகா, மோட்டார் வாங்குனது யார் காசுல?

முருகன் சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி அத்தை: நான் படிச்சிட்டேன்

அம்மா: பிள்ளை விசயத்தைப் பேசுங்க

தீபா: வாட்ச்மேன் அண்ணன் சொல்றார், ஜூலைல போர்டு ஷார்ட் ஆகி ஓனர் ஆள் விட்டு வயர் மாத்தினாராம்

பெரியப்பா: அதேதான். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குப் போற வயரை அந்த எலக்ட்ரீசியன் மாத்திக் குடுத்துட்டான். அதனால பில்லை ரத்து பண்ணுங்கன்னு ஆபீஸ்ல போய் நின்னா நடக்காது, மீட்டர் ஓடுனது நிசம்லா. நீயும் எஃப் 3-ம்தான் கணக்கை மாத்திக்கணும். லைசென்ஸ் உள்ள ஆளா வச்சு வயரைச் சரி பண்ணு, அன்னைக்கு ரெண்டு ரீடிங்கையும் போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பு. சீக்கிரம் செய்யணும். இழுத்தா அடுத்த பில்லு பாதி உன்னுது பாதி அவங்களுதுன்னு கலந்து வரும். 500-ஐத் தாண்டிட்டா யாரால தாண்டுச்சுன்னு அடுத்த சண்டை

தீபா: சரி, இப்ப 4,100 யார் கட்டுறது? எஃப் 3 அவங்க பேர்ல வந்ததைக் கட்டிட்டாங்க. எனக்கு 20ஆம் தேதி கடைசி

அம்மா: நீ கட்டாதே

பெரியப்பா: கட்டு. இல்லைன்னா பியூஸைப் புடுங்கிருவாங்க

அருண்: ஒரு நிமிஷம். எஃப் 2 பியூஸைப் புடுங்குனா இருட்டாகப் போறது எஃப் 3 வீடுதானே?

மீனா அக்கா: 😂😂

செல்வி அத்தை: புடுங்கட்டும்

தீபா: நான் அதை யோசிக்கவே இல்ல

பெரியப்பா: சிரிக்காதிய. கனெக்ஷன் ஓனர் பேர்ல இருக்கு. அபராதம் விழுந்தா அவர் உன் அட்வான்ஸ்லதான் கை வைப்பாரு

தீபா: அதுவும் சரிதான்

தீபா: எஃப் 3 ஆன்ட்டிக்கு வீடியோ அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை அங்கிள் ஊர்லேருந்து வந்ததும் பேசலாமாம்

பெரியப்பா: நான் வேணா வரட்டுமா? டெஸ்டர் என்கிட்டயே இருக்கு

அம்மா: வேண்டாம் அத்தான். நீங்க வந்தா ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாரு

முருகன் சித்தப்பா: அதே ஞாயித்துக்கிழமை மோட்டார் கணக்கையும் பேசிருவோம் அண்ணே

அப்பா: 👍

தீபா: அப்பா எதுக்கு ஓகே போட்டீங்க? நான் கட்டவா வேண்டாமா?