பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நீங்களும் அடுத்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்களா?

வேளச்சேரியிலிருந்து:
நான் அனுப்பியிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம், தரைத்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் போய் இரண்டு நாள். மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் எட்டிப் பார்க்கும். அங்கே நின்றபோதுதான் வந்தது: ஈசிஆர் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, தண்ணீரில் இறங்காதீர்கள். பண்ணை இருப்பது வடநெம்மேலியில், எங்கள் தெருவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், அது எனக்கே தெரியும். ஆனால் அண்ணன் பையன் அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் தேடிப் போயிருந்தான். பொய்யாக இருந்தால் ஒரு மெசேஜ் வீண், நிஜமாக இருந்துவிட்டால்? நாலு குரூப்பில் தட்டிவிட்டேன். ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே அப்புறம் சொன்னார்கள். அதை ஒரு குரூப்பிலும் போடவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

ஆரணியிலிருந்து:
அதே 'நிஜமாக இருந்துவிட்டால்' எங்கள் பக்கம் ஒரு உயிரையே வாங்கியது. 2018 மே மாதம், போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார்.

பைக்கில் வந்து பையனைத் தூக்கிப் போகிற வீடியோ ஒன்று அப்போது சுற்றியதே, அதை எனக்கு அனுப்பியது என் சித்தி. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம், கடைசியில் பையனைத் திரும்ப இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள், அந்த இடத்தை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். முழுசையும் சித்தியிடம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "சரிடா, இது பொய். ஆனா அந்த மாதிரி நடக்குதுல்ல? உனக்கொரு பிள்ளை இருந்தா தெரியும்." இதற்கு என்ன பதில் சொல்ல? அந்த ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் ஃபார்வர்ட் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. சித்தி ஐந்தைந்தாக அனுப்பக் கற்றுக்கொண்டார்.

மதுரையிலிருந்து:
எங்கள் அப்பா கதை இவ்வளவு பயங்கரம் இல்லை. உலகத்திலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு பழைய புளுகு உண்டே, அது. யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கவில்லை என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. "நல்ல விஷயம்தானேப்பா, யாருக்கு என்ன நஷ்டம்" என்கிறார். ரிட்டயர் ஆனபிறகு பழைய ஆபீஸ்காரர்களோடு பேச அவருக்கு அதுதான் சாக்கு, ஒன்றை அனுப்பினால் பத்து பேர் கும்பிடு போடுகிறார்கள். போன வாரம் மறுபடியும் வந்தது, பூப்படத்தோடு. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.