அப்பாவுக்கு எந்தத் தன்வரலாறு வாங்கலாம்?

பெரம்பூர்வாசி:
அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. நாவலை நீட்டினால், “நடக்காததை எதற்குப் படிக்க வேண்டும்?” என்கிறார். ‘சத்திய சோதனை’யை இரண்டு முறை முடித்துவிட்டார். அடுத்து என்ன வாங்கலாம்?

திருவல்லிக்கேணி மாமி:
உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. யோசிக்கவே வேண்டாம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், இவர் பெருமையாக அடுக்கிய நூற்பட்டியலைக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்பார். இருபத்தைந்து வயதுக்காரருக்கு எப்படிச் சுட்டிருக்கும்! அந்தச் சூட்டில்தான் சீவக சிந்தாமணி காப்பியத்தைக் கையில் எடுத்தார், 1887இல் பதிப்பித்தார். என் பிரதியில் அந்தப் பக்கத்தில் காபிக் கறை, அத்தனை முறை திறந்திருக்கிறேன். தொடக்கத்தில் ஊர், உறவு என்று மெதுவாகத்தான் நகரும். அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய புத்தகப் பிரியன்:
ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் பாருங்கள். 1709இல் உங்கள் பெரம்பூரில் பிறந்தவர்! புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்.

பெரம்பூர்வாசி:
பெரம்பூர் என்றதும் அப்பா கண்ணாடியைத் தேடுகிறார். மாமி, உங்கள் புத்தகம் அடுத்த மாதம்.

திருவல்லிக்கேணி மாமி:
ஊர்ப்பாசம் என்னைத் தோற்கடித்துவிட்டது.