பிரெய்டா, தங்கூசா? தூண்டில் வளைவில் மீன் தப்பிக்கொண்டே இருக்கிறது

புதுத்தூண்டில்:
வணக்கம். எண்ணூர் சாலையோரத்தில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் கற்களில் நின்று கொடுவா மீனுக்காக லூர் (செயற்கை இரை) வீசி வருகிறேன். 8 அடி ராடு, 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு). லூரைப் பிரெய்டின் நுனியிலேயே நேராகக் கட்டுகிறேன். இந்த ஒரு மாதத்தில் மூன்று நல்ல மீன்கள் கவ்வின. மூன்று முறையும் ரீல் சிறிது நேரம் கத்திவிட்டு, தூண்டில் நரம்பு தொய்ந்து வெறுமனே திரும்பியது. கடைக்காரர் ஒற்றை இழை நைலான் நரம்பான தங்கூசுக்கு மாறச் சொல்கிறார். உடன் வரும் நண்பரோ 40 பவுண்டு பிரெய்டு வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கல்மேடு:
கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள். கொட்டலசும் சிப்பியும் அப்பிய கல்லில் பிரெய்டு உரசினால் என்ன ஆகும் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழம் பிரெய்டை விறைப்பாகப் பிடித்துக் கல் விளிம்பில் நாலைந்து முறை தேய்த்துவிட்டு, அதே இடத்தில் 0.50 மில்லிமீட்டர் தங்கூசையும் தேய்த்துப் பாருங்கள். பிரெய்டு என்பது மயிரிழைகளின் பின்னல். மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது வெளியிழைகள் சில அறுந்தால், பாரம் முழுவதும் மிச்சமுள்ள இழைகளின் மேல் விழுந்து நொடியில் கதை முடிந்துவிடும். தங்கூஸ் தோலுரிந்து வெளுத்துப் போனாலும் அதன் நடுப்பகுதி இன்னும் சற்று நேரம் தாங்கும். அதோடு, காலடியில் வந்தபின் கொடுவா தலையை உதறும் உதறலை வாங்கிக்கொள்ள நரம்பு கொஞ்சம் நீள வேண்டும். பிரெய்டு நீளாது, தூண்டில் முள்தான் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

ஏரிக்கரை:
கல்மேடு அண்ணனின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் அவர் சொல்லும் தீர்வு லூர் வீசுபவருக்குப் பொருந்தாது. இரை கோத்து, ஈயக்குண்டு கட்டி, ஒரே இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு 0.50 தங்கூஸ் போதும். ஒரு காலைப்பொழுதில் இருநூறு முறை வீசுகிறவர் அதைக் கட்டினால், சுருள் சுருளாக வெளியே வரும் நரம்பு ராடின் வளையங்களில் அடித்து அடித்து வேகத்தைத் தின்றுவிடும். கடற்காற்று பக்கவாட்டில் வீசினால் நரம்பு வில்லாக வளைந்துகொள்ளும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டின் தடிமன் அதே பலமுள்ள தங்கூசில் ஏறக்குறைய பாதிதான். நீளும் தன்மையை நல்லது என்கிறார். ஐம்பது, அறுபது மீட்டர் தொலைவில் மீன் கவ்வும்போது நீங்கள் ராடைச் சுண்டிக் கொடுக்கும் வெட்டில் பெரும்பகுதியை அந்த நீட்சியே விழுங்கிவிடும், முள் தாடையில் இறங்காது. நாங்கள் அல்லி படர்ந்த ஏரியில் விராலுக்குத் தவளை லூர் போடும்போது தங்கூஸ் கட்டியவர் யாரும் மீனைக் கொடிக்குள்ளிருந்து வெளியே எடுத்ததை நான் பார்த்ததில்லை. பிரெய்டை மாற்ற வேண்டாம். அதன் முனையில் ஒன்றரை மீட்டருக்கு 50 பவுண்டு தங்கூசை லீடராகச் சேர்த்தால் போதும்.

கல்மேடு:
ஏரிக் கதையைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள். அல்லித் தண்டைப் பிரெய்டு அறுக்கும், கொட்டலசோ பிரெய்டை அறுக்கும். ஒன்றரை மீட்டர் லீடர் கொடுவாவின் செவுள் மூடிக்குத்தான் காப்பு. அந்த மூடியின் விளிம்பு கத்தி போன்றது என்பது அதைத் தூக்கிப் பிடித்து விரலை அறுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். மீன் இருபது மீட்டர் ஓடிக் கல்லைச் சுற்றினால், உரசுவது உங்கள் லீடரா, அதற்குப் பின்னால் வரும் பிரெய்டா?

ஏரிக்கரை:
இருபது மீட்டர் ஓட விடுவதுதான் தவறு. ரீலின் டிராக்கை (நரம்பை வெளியே விடும் இறுக்கத்தை) கையால் இழுத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்பவர்களே அதிகம். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை நரம்பில் மாட்டி, 20 பவுண்டு பிரெய்டுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை வைத்து, ராடை உயர்த்திப் பிடித்தால் மீன் கல்லை நோக்கித் தலை திருப்புவதற்கே சிரமப்படும்.

உப்பங்கழி:
இருவரும் மன்னிக்க வேண்டும், ஒரு கேள்வியைக் கேட்காமலேயே வாதம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. புதுத்தூண்டில் தம்பி, திரும்பி வந்த நரம்பின் நுனி எப்படி இருந்தது? பஞ்சு போலப் பிரிந்திருந்தால் கல்லில் தேய்ந்தது. கத்தரித்ததுபோல் இருந்தால் பல்லோ செவுளோ வெட்டியது. கூரிய பல்லுள்ள சீலா மீனும் உலவும் இடம் அது. பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவே இல்லை.

புதுத்தூண்டில்:
கடைசியாகப் போனதை அப்படியே ராடில் சுற்றி வைத்திருந்தேன், இப்போதுதான் விளக்கடியில் பார்த்தேன். பஞ்சு எதுவும் இல்லை. ஏறக்குறைய ஓர் அங்குலம் சின்னச் சுருளாக நிற்கிறது.

உப்பங்கழி:
அப்படியானால் முடிச்சு நழுவியிருக்கிறது. தங்கூசுக்குக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சையே, ஐந்து சுற்றுச் சுற்றிப் பிரெய்டிலும் போட்டிருப்பீர்கள். பிரெய்டின் இழை வழுவழுப்பானது. ஒற்றை நரம்பில் போட்ட அந்த முடிச்சு, மெதுவான இழுப்பில் நின்றுவிட்டு, மீன் ஓடும்போது வழுக்கிக் கழன்றுவிடும். நேராகக் கட்டுவதானால் நரம்பை இரட்டையாக மடித்துப் பாலோமர் முடிச்சுப் போடுங்கள். எச்சிலால் நனைத்த பிறகே இறுக்குங்கள். லீடர் சேர்ப்பதானால் எஃப்ஜி முடிச்சு நல்லது, கைவர நாளாகும். இன்னொன்றையும் பாருங்கள்: ரீலில் நரம்பு சுற்றும் ஸ்பூலின் அடியில் சில சுற்றுத் தங்கூஸ் சுற்றாமல் பிரெய்டை மட்டும் சுற்றியிருந்தால், முழுச் சுற்றும் ஸ்பூலின் மேலேயே வழுக்கிச் சுழலும், நீங்கள் டிராக் தளர்வு என்று நினைத்துக்கொள்வீர்கள். லீடருக்கு விலையுயர்ந்த ஃப்ளூரோகார்பனை யாராவது விற்க வந்தால், எண்ணூர்க் கலங்கல் நீரில் அதன் கண்ணுக்குத் தெரியாத தன்மைக்கு வேலையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கல்மேடு:
முடிச்சு நழுவியிருக்கலாம், மறுக்கவில்லை. அது நழுவாமல் இருந்திருந்தால் அந்த மூன்றில் இரண்டையாவது கல் அறுத்திருக்கும் என்பதில் நான் மாறவில்லை.

புதுத்தூண்டில்:
வீட்டு ஜன்னல் கம்பியில் லூரின் வளையத்தை மாட்டி, கைத்தராசு வைத்து இழுத்துப் பார்த்தேன். நான் போட்டுவந்த முடிச்சு 4 கிலோவைத் தொட்டதும் மெல்ல வழுக்கிக் கழன்றது, நுனியில் அதே சுருள். பாலோமர் 8 கிலோவிலும் நின்றது; அதற்கு மேல் இழுக்க எனக்குத் துணிவில்லை. ஞாயிறு காலை நீரேற்றத்துக்கு 50 பவுண்டு லீடருடன் போகிறேன். கல்மேடு அண்ணன், உங்கள் கற்கள் எந்த வளைவில் என்று சொன்னால், அங்கேயே வந்து உரசிப் பார்க்கிறேன்.