அண்ணனுக்கு 47 வயதில் ஸ்டென்ட். நாள் முழுக்கக் கல்லாவில் உட்காரும் நான் எதிலிருந்து மாற்றத் தொடங்குவது?

மளிகைக்கடைக்காரன்:
வணக்கம். வயது 44, ராஜபாளையத்தில் மளிகைக்கடை. போன மாதம் விடியற்காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலி. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார், அண்ணிதான் சட்டை நனைகிற அளவு வியர்ப்பதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். இதயக் குழாயில் அடைப்பு, அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். அந்தப் பயத்தில் நானும் பரிசோதித்தேன். பிபி 150/96, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 148, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. சர்க்கரை மட்டும் சரியாக இருக்கிறது. காலை 6 மணிக்குக் கடை திறந்தால் மூட இரவு 10 ஆகிறது. ஆறு டீ, நாலு சிகரெட், பத்தரை மணிக்குப் பாதி நாள் பரோட்டா சால்னா. டாக்டர் பிபி மாத்திரை எழுதினார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டும் என்கிறார்களே. ஜிம், வாக்கிங் கிளப் எல்லாம் எனக்கு நடக்காத காரியம். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்க?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, முதலில் சிகரெட். நாலுதானே என்று இருக்காதீர்கள். 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், நாளைக்கு 20 பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ அதில் கிட்டத்தட்ட பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது என்று தெரிந்தது. நாலை இரண்டாக்குவதில் பெரிய லாபம் இல்லை, அறவே நிறுத்த வேண்டும். நிறுத்தி ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடும். உங்களுக்கு டீயும் சிகரெட்டும் ஒன்றாகத்தான் வரும் என்று நினைக்கிறேன், அதனால் டீயைக் கடைக்கே வரவழைத்து உட்கார்ந்து குடியுங்கள், டீக்கடைப் பக்கம் கொஞ்ச நாள் போக வேண்டாம். ஆறு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 12 ஸ்பூன் சீனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். 33 வருடம் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், பிபி மாத்திரைக்குப் பயந்து தள்ளிப் போட்டவர்கள் பக்கவாதத்தோடு வந்ததை நிறையப் பார்த்துவிட்டேன். எடை குறைந்து, உப்பு குறைந்து, பிபி இறங்கினால் டாக்டரே அளவைக் குறைப்பார், நீங்களாக நிறுத்தக் கூடாது. வீட்டில் பிபி பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்துப் பாருங்கள். டீ குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் தப்பான கணக்குக் காட்டலாம்.

தஞ்சாவூரான்:
சகோ, எனக்கு 2019-இல் பைபாஸ் நடந்தது. நீங்கள் மளிகைக்கடை வைத்திருப்பதால் உங்களுக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் புது உப்புப் பாக்கெட் பிரிக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு டீஸ்பூன் அளவு. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 24 நாளில் காலி! ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அதில் சேராத தனிக்கணக்கு. அதற்கப்புறம் சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினோம், மோரில் உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை, பொரியலில் கடைசியாக எலுமிச்சை. முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது, ஒரு மாதத்தில் ஓட்டல் சாம்பார் எங்களுக்குக் கரித்தது. எனக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆரம்பத்தில் செய்து பார்த்தோம், மனைவிக்கு வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம், நானும் பிள்ளைகள் தட்டில் கை வைத்தேன். வீடு முழுவதும் ஒரே சாப்பாடு என்றதும்தான் நிலைத்தது. இப்போது 1 கிலோ 44 நாள் வருகிறது.

நடைக்கு ஒரு மணி நேரத்தை மொத்தமாகத் தேடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும், துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். கடை திறக்குமுன் 15 நிமிடம், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் 10 நிமிடம். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குக் கடைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பரோட்டா தன்னால் குறையும்.

புதூர்வாசி:
செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டால் எல்டிஎல் இறங்கும் என்கிறார்களே? இந்துப்பு?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான், அளவு முக்கியம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். பாமாயிலில் பாதி, தேங்காயெண்ணெயில் 90 சதவீதம்வரை எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு, எல்டிஎல் ஏறியவர்கள் அவற்றைக் குறைப்பது நல்லது. வடை சுட்ட எண்ணெயில் மறுபடி மறுபடி பொரிப்பது கூடவே கூடாது.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பிபிக்கு வித்தியாசம் கிடையாது. பொட்டாசியம் கலந்த உப்பு என்று ஒன்று விற்கிறது. அது பிபியைக் குறைக்கும், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் சில வகை பிபி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மளிகைக்கடைக்காரன்:
அக்கா, அண்ணன், இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரையை இன்று காலை போட்டுவிட்டேன். வீட்டு உப்புப் பாக்கெட்டில் தேதியும் எழுதியாயிற்று. கடையில் சிகரெட் விற்கிறேன், கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் பிரச்சினை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அப்படியானால் விற்பதையே நிறுத்த முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள் தம்பி, வருமானம் கொஞ்சம் குறைந்தாலும். அப்புறம் இன்னொன்று. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்கல் வந்தால் ஓமத் தண்ணீர் வேண்டாம், உடனே 108. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தாலும் போகலாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதை அண்ணியிடமும் உங்கள் மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.