புதுப்பிப்பு: மாமாவின் படர்தாமரையும் அந்தக் கிறீமும்

திருகோணமலையில் சல்லி என்ற ஊரில் கடற்தொழில் செய்யிற மாமாவுக்கு இடுப்பில் படர்தாமரை, பூஞ்சணத்தைக் கொல்லுற குளோட்ரிமசோல் 1% கிறீம் பூசிக் கடி (அரிப்பு) நின்றுவிட்டது, இனி நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. தோல் டொக்டரிடம் காட்டினோம். கடி அடங்கினாலும் பூஞ்சணம் தோலில் இருக்குமாம். வட்டம் மறைந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை பூசச் சொன்னார்.

பூசுற விதத்தையும் காட்டித் தந்தார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலையும் இரவும் மெல்லிசாக, சிவந்த விளிம்பைத் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர் வரைக்கும். மாமாவோ பாணுக்குப் பட்டர் பூசுற மாதிரி அப்பிக்கொண்டிருந்தார்! பூசியதும் கை கழுவ வேணும். கடல்தண்ணியில் நனைந்த சாரத்தோடு நாள் முழுக்கத் திரியவும் கூடாது.

'பெற்றாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கலந்த கிறீம் உடனே கேட்கும்' என்று எழுதியவர்களுக்கு: டொக்டர் தலையாட்டி மறுத்துவிட்டார். ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அமுக்கிவிடும், பூஞ்சணமோ பரவிக்கொண்டே போகும், தோலும் மெலியும்.

மகளின் தலையில் வந்ததற்கும் இதையே பூசலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தீர்கள். தலைக்குக் கிறீம் மட்டும் போதாது அக்கா, குளிசை வேணும். டொக்டரிடம் காட்டுங்கோ.